மனையறப் பகுதி: கணப்புக்குள் ஓர் இரும்பு அடுப்பு

சிம்லாவிலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய கணவர் மத்திய அரசாங்க அலுவலர். சென்ற ஆவணியில்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி அங்கே குடியேறியிருக்கிறார்கள். கிடைத்த வாடகை வீடு வெள்ளையர் காலத்துக் கட்டடமாம். தகரக் கூரை, பலகைத் தளம், கூடத்துச் சுவரில் தேவதாரு மரச் சட்டம் வைத்த பெரிய கணப்பு. “பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விறகு மூட்டினால் முகம் சுடுகிறது, முதுகு விறைக்கிறது. ஒரு மாலைப் பொழுதில் பத்துக் கிலோ விறகு சாம்பலாகிறது. இந்தக் கணப்புக்குள்ளேயே கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு ஒன்றைச் செருகிவிடலாம், அதற்கு இன்ஸெர்ட் என்று பெயர், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று கடைத்தெருவில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

செய்யலாம். ஆனால் ஒரே நாளில் முடித்துவிடுவதாகச் சொல்லுகிறவரை மட்டும் வீட்டுக்குள் விடலாகாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்த அனுபவம் ஒன்று காரணம். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ள வாசகர்கள், ‘நமக்கும் கணப்புக்கும் என்ன தொடர்பு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முஸூரி, நைனிதால், டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய ஊர்களுக்கு நம்மவர் மாற்றலாகிப் போவது இன்றும் நடக்கிறது. அன்றியும், மூடிய வீட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு உறங்குவதைப் பற்றிய செய்தியும் இதில் வருகிறது. அது எல்லா ஊருக்கும் பொது. தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு வருகிற நமக்கு அடுப்பு தெரியும், குளிர்காயும் நெருப்புத் தெரியாது. சமையலறை அடுப்பு அணைந்த பிறகுதான் நாம் படுக்கப் போகிறோம். குளிர்நாட்டு அடுப்போ நாம் உறங்கும்போதுதான் தன் வேலையைச் செய்கிறது. அபாயம் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

முதலில், திறந்த கணப்பு ஏன் ஊதாரியாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். நெருப்பின் வெப்பம் இரு வழியில் செல்கிறது. ஒரு பகுதி வெயில் அடிப்பதுபோல் நேரே நம் மேல் படுகிறது. அதுதான் முகத்தைச் சுடுவது. மற்றப் பெரும் பகுதி சூடேறிய காற்றாகவும் புகையாகவும் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. போகிற காற்று தான் மட்டும் போவதில்லை. கூடத்தில் நாம் பாடுபட்டுச் சூடாக்கிய காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப, சன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் பனிக்காற்று உள்ளே நுழைகிறது. முதுகு விறைப்பது இதனால்தான்.

கணக்காகவும் சொல்லிவிடலாம். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் பிறக்கிறது. சகோதரியின் பத்துக் கிலோவில் 40 யூனிட் இருக்கிறது. திறந்த கணப்பு அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு, அதாவது 4 முதல் 6 யூனிட்டைத்தான் அறைக்குக் கொடுக்கும். கதவு மூடி எரியும் நல்ல இரும்பு அடுப்பு, அதே விறகிலிருந்து 26 யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். கடைக்காரர் சொன்னதில் இந்த அளவுக்குப் பொய் இல்லை.

இந்த யோசனை புதியதும் அன்று. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின், 1740-களிலேயே கணப்புக்குள் வைக்கும் இரும்பு அடுப்பு ஒன்றை வகுத்தார். வெப்பத்தை முழுக்கப் பிடித்துவைக்கும் ஆசையில், புகையை ஒரு தடுப்புக்கு மேலே ஏற்றிக் கீழே இறக்கி, மறுபடி மேலே போகும்படி செய்தார். புகைக்கு அந்தப் பயணம் பிடிக்கவில்லை. இழுப்புப் போதாமல் அது அறைக்குள் திரும்பியது. பிறகு வந்தவர்கள் புகையின் வழியை நேராக்கிய பின்புதான் அடுப்பு நன்கு பயன்பட்டது. 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு கணப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, மேலே புகை நுழையும் தொண்டையைக் குறுக்கினாலே பாதிக் குறை தீரும் என்று காட்டினார். இருவர் கதையிலும் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான். நெருப்பைக் கவனிப்பதற்கு முன் புகையின் வழியைக் கவனிக்க வேண்டும். நான் அதைக் கவனிக்கவில்லை.

2011-ஆம் ஆண்டு மார்கழி. நாங்கள் அப்போது சிம்லாவில், இந்தச் சகோதரி எழுதியிருப்பது போன்ற ஒரு வீட்டில்தான் இருந்தோம். ஊரிலிருந்து என் தாயார் வந்திருந்தார்கள். தஞ்சை மாவட்டத்தைத் தாண்டாதவர்கள். பேத்தியைப் பார்க்கும் ஆவலில் இரண்டு சால்வையும் ஒரு கம்பளியும் போர்த்துக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். அவர்களுடைய வயதை எண்ணி, கணப்புக்குள் ஓர் இரும்பு அடுப்பு வைக்க முடிவு செய்தேன். ஒரு கொல்லரிடம் சொன்னேன். தகடு வெட்டி, கதவு போட்டு, மேலே இரண்டடி நீளக் குழாய் ஒன்று பொருத்தி, கணப்புக்குள் தள்ளினார். குழாயின் முனை பழைய புகைபோக்கியின் தொண்டைக்குள் சிறிது நுழைந்து நின்றது. சுற்றியிருந்த இடைவெளியில் தகரத்தை அடைத்துச் சாந்து பூசினார். காலையில் வந்தவர் மாலையில் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவே வீடு கதகதப்பாகிவிட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காற்றே அசையாத ஓர் இரவு. மலைச்சரிவில் மூடுபனி இறங்கியிருந்தது. என் மனைவி புளிக்குழம்புக்கு மிளகாய் வற்றல் தாளித்தாள். நெடி குழந்தைக்கு இருமலை உண்டாக்கவே, சமையலறையில் இருந்த எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டாள். அது விடிய விடிய ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. குளிர் நுழையாதிருக்கச் சன்னல் இடுக்குகளில் எல்லாம் துணி செருகியிருந்தோம். படுக்கப் போகுமுன், விறகு காலை வரை தாக்குப்பிடிக்கட்டும் என்று நானே அடுப்பை நிரப்பிக் காற்றுத் துளையை ஏறக்குறைய மூடினேன். பாட்டியும் பேத்தியும் கூடத்தில், அடுப்பின் அருகிலேயே படுத்தார்கள்.

எங்களைக் காப்பாற்றியது என் தாயாரின் மார்கழிப் பழக்கம். நான்கு மணிக்கு எழுந்து வாசலில் கோலம் போட வேண்டும் என்பது அவர்களுக்குச் சிம்லாவிலும் மாறாத நியமம். எழுந்தவர்களுக்குத் தலை கனத்தது, கால் பின்னியது. எப்படியோ தாழை நீக்கி வாசற்படிக்கு வந்து அங்கேயே சாய்ந்துவிட்டார்கள். பனிக்காற்று முகத்தில் பட்டதும் சற்றுத் தெளிந்து, என்னைக் கூப்பிட்டார்கள். “தம்பி, எழுந்திரு. வீட்டுக்குள் ஏதோ சரியில்லை. குழந்தையை வெளியே கொண்டுவா” என்ற அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. உள்ளே போய்க் குழந்தையை உலுக்கினேன். அவள் கண் திறக்கவில்லை. ஆறு வயதுக் குழந்தை, துணி மூட்டைபோல் என் தோளில் தொங்கினாள். வெளித் திண்ணையில் சிறிது நேரம் கிடத்திய பின் வாந்தி எடுத்தாள், அழுதாள். அந்த அழுகை அன்று எங்களுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதைப் பெற்றவர்கள்தாம் அறிவார்கள். மருத்துவமனையில் பணியில் இருந்தவர் கேட்ட முதற் கேள்வி, “அங்கீட்டியா, தந்தூரா?” என்பதுதான். குளிர்காலத்தில் அவ்வூர் மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். பிராணவாயு கொடுத்து, மாலைக்குள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்ன நேர்ந்தது என்பதை இப்போது சொல்லலாம். போதிய காற்று இன்றிக் கனலும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு மிகுதியாகப் பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்கிறது. உறங்குகிறவர் உறங்கியபடியே நினைவிழந்துவிடுவார். புகைபோக்கி நன்றாக இழுத்தால் இந்த வாயு வெளியே போய்விடும். எங்கள் வீட்டிலோ, நெருப்புத் தணிந்து, அகன்ற பழைய புகைபோக்கி குளிர்ந்துவிட்டது. சமையலறை விசிறி வீட்டுக் காற்றை விடாமல் வெளியே தள்ளியது. துணி அடைத்த சன்னல்கள் வழியே புதுக்காற்று வர இடமில்லை. விசிறிக்கு வேண்டிய காற்று புகைபோக்கியின் உச்சியிலிருந்து கீழே இறங்கி, அடுப்பைத் தழுவி, அதன் நஞ்சையும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் வந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு காரியம். நான்கும் ஒரே இரவில் சேர்ந்துவிட்டன.

பிறகு ஒரு வயதான மிஸ்திரி வந்தார். மலைவாசி. பழைய பங்களாக்களில் கணப்பு வேலை பார்த்தே தலை நரைத்தவர். கொல்லர் வைத்த அடுப்பைப் பார்த்துவிட்டு அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பாபுஜி, முதலில் இந்தப் பெட்டியை வெளியே எடுப்போம். புகை போகிற வழியைப் பார்க்காமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது” என்றார். இரண்டு நாள் புகைபோக்கியைத் துடைத்தார். ஒரு கூடை மைனாக் கூடும், மூன்று வாளி கரியும், தார்போல் இறுகிய கறுப்புக் கட்டிகளும் வந்தன. மூன்றாம் நாள் கயிற்றில் மின்விளக்கைக் கட்டி மேலிருந்து இறக்கி, என்னையும் பார்க்கச் சொன்னார். பாதி உயரத்தில், சாந்து உதிர்ந்த ஓரிடத்தில் உத்தரத்தின் முனை ஒன்று புகைவழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூலை கருகியிருந்தது. கொல்லர் அடுப்பை வைப்பதற்கு முன்பே பல காலமாக அது கருகிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

சிம்லாவின் பழைய வீடுகளில் பலவற்றின் சுவர் தஜ்ஜி முறையில் கட்டியது. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி, இடையில் கல்லும் மண்ணும் அடைத்த சுவர் அது. நிலநடுக்கத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். தீக்கு அவ்வளவு நல்லதன்று. 1981-இல் பீட்டர்ஹாஃப் மாளிகை எரிந்தது. 2014-இல் கார்ட்டன் காஸில் கட்டடம் தீயால் பெருஞ்சேதம் அடைந்தது. அவற்றின் காரணங்கள் எவையாயினும், மரம் நிறைந்த பழங்கட்டடத்தில் தீப் பிடித்தால் அதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவ்வூரார் அறிவார்கள். ஆகவே சகோதரி அடுப்பு வாங்கக் கடைக்குப் போகுமுன், புகைபோக்கியைத் துடைத்து விளக்கிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்துப் புகைச் சோதனை. கணப்பில் சாம்பிராணியை நிறையப் போட்டுப் புகை எழுப்பி, மேல்வாயைச் சிறிது நேரம் சாக்கினால் மூடினால், விரிசல் உள்ள இடமெல்லாம் புகை கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பரணையும் பக்கத்து அறைகளையும் பார்க்க மறக்கலாகாது. நம் வீட்டில் சாம்பிராணிக்கு என்ன பஞ்சம்!

இனி மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். இன்ஸெர்ட் வைப்பதில் பெட்டி கால் பங்கு, குழாய் முக்கால் பங்கு. பழைய புகைபோக்கி, திறந்த நெருப்பின் பெரும் புகைக்கும் அதனோடு ஓடும் அறைக் காற்றுக்கும் ஏற்ப அகலமாகக் கட்டப்பட்டது. மூடிய அடுப்பிலிருந்து வரும் புகையின் அளவு அதைவிட மிகக் குறைவு. அகன்ற ஆற்றில் விட்ட சிறு வாய்க்கால்போல அது அங்கே மெதுவாக ஊர்ந்து, செங்கல்லில் பட்டுக் குளிர்ந்து, தாராகப் படியும். இழுப்பும் குறையும். அந்தத் தார் என்றேனும் ஒரு நாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். உத்தரத்தின் கருகிய மூலையை அப்போது நினைத்துப் பாருங்கள். ஆகவே அடுப்பின் புகைவாய் எத்தனை அங்குலமோ, அதே அளவுள்ள எஃகுக் குழாய் அடுப்பிலிருந்து கூரைக்கு மேல் வரை இடையறாமல் போக வேண்டும். வீட்டு அடுப்புகளுக்குப் பெரும்பாலும் 6 அங்குலம் இருக்கும். துருப்பிடிக்காத எஃகில் 316 என்னும் தரம் விறகுப் புகையின் அமிலத்தைத் தாங்கும். துத்தநாகம் பூசிய தகட்டுக் குழாய் மலிவு என்று தலையில் கட்டுவார்கள். சில பருவத்தில் அது அரித்துவிடும், அரித்ததும் வெளியே தெரியாது.

குழாய்த் துண்டுகளை இணைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் கொல்லர், புகை தடையின்றி ஏற வேண்டும் என்று எண்ணி, கீழ்த்துண்டின் குறுகிய முனையை மேல்துண்டுக்குள் நுழைத்திருந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் குழாய்க்குள் ஏறுவது புகை மட்டுமன்று, இறங்குவதும் ஒன்று உண்டு. உட்சுவரில் குளிர்ந்த தார் நீர் கீழ்நோக்கி வழியும். மேல்துண்டின் குறுகிய முனை கீழ்த்துண்டுக்குள் இறங்கியிருந்தால், வழிகிற தார் குழாய்க்குள்ளேயே ஓடி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். மாறியிருந்தால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே கசிந்து, சுவரை நாற அடிக்கும். மிஸ்திரி இதை ஒரு டம்ளரையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

குழாயை மேலிருந்து இறக்கிய பின், கணப்பின் தொண்டையில் ஓர் எஃகுத் தகட்டைப் பொருத்தி, குழாயைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தீத்தாங்கும் சாந்தால் அடைக்க வேண்டும். குழாய்க்கும் பழைய செங்கல்லுக்கும் இடையே தீப்பற்றாத ராக்வூல் அடைப்பது நன்று. குழாய் சூடாகவே இருக்கும், தார் குறையும். உச்சியில் மழையும் பனியும் விழாதபடி ஒரு தொப்பி வேண்டும். பறவை நுழையாதிருக்க வலை வைப்பார்கள். வலைக் கண் சிறிதாக இருந்தால் கரியே அதை அடைத்துவிடும். சிம்லாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. குரங்குகள். எங்கள் தொப்பியை இரண்டு முறை பிடுங்கி எறிந்தன. மூன்றாம் முறை மிஸ்திரி அதை நான்கு போல்ட்டுகளால் இறுக்கிவிட்டு, “இனி ஹனுமான்ஜியே நேரில் வர வேண்டும்” என்றார்.

புகைபோக்கியின் உயரம் பற்றி ஒரு குறிப்பு. அடுப்பு செய்கிறவர்கள் குறைந்தது 15 அடி என்று எழுதுவார்கள். அது சமவெளிக்குச் சொன்னது. சிம்லா ஏறக்குறைய 7,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுப்பும் அதே அளவுக்குக் குறையும். 18 அடிக்குக் குறையாமல் இருப்பது நலம். கூரையைத் துளைத்து வரும் இடத்துக்கு மேல் 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரை முகட்டையும்விட 2 அடி உயரமும் இருக்க வேண்டும் என்பது மேல்நாட்டில் கையாளும் விதி. நம் மலைவீடுகளுக்கும் அது பொருந்தும்.

பெட்டியைப் பொறுத்தவரை, பெரியது நல்லது என்று எண்ணுவது நம் இயல்பு. இங்கே அது தவறு. அறையின் நீள அகல உயரங்களைப் பெருக்கி, 500 கன அடிக்கு 1 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். 15 அடி நீளம், 14 அடி அகலம், 11 அடி உயரமுள்ள கூடத்துக்கு 5 கிலோவாட் அடுப்புப் போதும். 10 கிலோவாட் பெட்டியை வாங்கினால் வெக்கை தாங்காமல் காற்றைக் குறைத்துக் குறைத்துக் கனல வைப்போம். கனல வைத்தால் தார், கனல வைத்தால் நஞ்சு. கணப்பின் உள்ளளவை அளந்து கொண்டு போக வேண்டும். பெட்டி நுழையவில்லை என்று மேலே சுமை தாங்கும் கல்லையோ வளைவையோ கொத்த விடாதீர்கள். கணப்பின் முன்னே தரையில் 18 அங்குலமேனும் கல் பாவியிருக்க வேண்டும். பலகைத் தளத்தின் மேல் ஒரு தகட்டை விரித்துத் திருப்திப்படக் கூடாது. அடுப்பின் மேலுள்ள மரச் சட்டத்துக்கும் அடுப்புக்கும் உள்ள இடைவெளி, செய்தவர் எழுதியிருக்கும் அளவுக்குக் குறையலாகாது. அந்தச் சட்டத்தில் நாள்காட்டி மாட்டுவதும், ஈரக் கம்பளியை உலர்த்துவதும் வேண்டாம்.

விறகைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பாதி சொன்னதாகும். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் வலிமை செலவாகும். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கின பிறகே எரிக்கத் தகுதி. பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி ஓர் ஆண்டேனும் வைக்க வேண்டும். இந்தப் பனிக்காலத்து விறகைச் சென்ற பனிக்காலத்திலேயே வாங்கியிருக்க வேண்டும் என்பது மாற்றலாகி வருகிறவர்களுக்கு எரிச்சலூட்டும் செய்திதான். உலர்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், பச்சைக் கட்டை ‘தொப்’ என்னும். பான் எனப்படும் மலைக் கருவாலி மரம் நின்று எரியும். ஆப்பிள் தோட்டங்களில் கழிக்கும் பழைய மரமும் அருமையான விறகு. சீட் என்னும் பைன் மரத்தில் பிசின் அதிகம், மூட்டுவதற்குச் சில சிராய் போதும். வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் ஆகியவற்றை அடுப்பில் காட்டவே கூடாது. வனத்துறைக் கிடங்கில் அல்லது அவர்கள் அனுமதி பெற்றவரிடம் வாங்குங்கள். தலைச்சுமையாகக் கொண்டு வருகிற விறகு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எந்தக் காட்டின் கிளை என்பதை நாம் கேட்பதில்லை.

வைத்த பின் முதல் மூன்று நான்கு முறை சிறு நெருப்பாகவே மூட்ட வேண்டும். சாந்தும் வண்ணமும் மெல்ல இறுகட்டும். அப்போது ஒரு நாற்றம் வரும், சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புள்ள கூடத்தில் அடைக்க முடியாத காற்றுத் துளை ஒன்று, 4 அங்குலக் குழாய் அளவுக்கு, வெளிச்சுவரில் இருக்கட்டும். அடுப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் விசிறி ஓடக்கூடாது. தாளிக்கும் நேரத்தில் போட்டே தீர வேண்டுமானால் சமையலறைச் சன்னலைத் திறந்து, கூடத்துக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் விசிறியின் சுவிட்சுக்கு மேல் என் மனைவி ஒரு காகிதம் ஒட்டினாள். ‘அடுப்பைப் பார்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கார்பன் மோனாக்சைடு கசிந்தால் அலறுகிற சிறு கருவி இப்போது எங்கும் கிடைக்கிறது. அடுப்புள்ள அறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. குழாய்க்குச் செலவழிக்கிறவர் இதற்குக் கணக்குப் பார்க்கலாகாது. அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே கல்லின் மேல் வையுங்கள். உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். நன்றாக ஆறிய சாம்பல் பித்தளைப் பாத்திரம் துலக்க உதவும். என் தாயார் அதைப் பொட்டலம் கட்டி ஊருக்கே எடுத்துப்போனார்கள்.

அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு படுப்பதைப் பற்றி ஒரு வரி. அதற்குக் குழாயே கிடையாது. புகையில்லாத கரி என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் குடும்பம் குடும்பமாக மாண்டு போகிறார்கள். வீட்டு வேலைக்கும் காவலுக்கும் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு கனத்த கம்பளி வாங்கிக் கொடுங்கள். டில்லியில் பழைய பங்களாக்களில் கணப்பு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. அவ்வூர்ப் பனிக்காலக் காற்றில் இன்னொரு புகையைச் சேர்க்க இடமில்லை. அங்கே கணப்பில் பூச்சாடி வைத்துவிட்டு மின்சார ஹீட்டரைப் போட்டுக்கொள்ளலாம்.

சகோதரிக்கு இன்னும் இரண்டு செய்தி. வாடகை வீடாதலால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். குழாய் அவர் கூரையைத் தாண்டிப் போகிறது. விளக்கிட்டுப் பார்க்கையில் மரமுனை தெரிந்தாலோ, புகைச் சோதனையில் பரணில் சாம்பிராணி மணத்தாலோ, பழுது பார்க்கும்வரை திறந்த கணப்பையும் மூட்ட வேண்டாம். இந்தப் பருவத்துக்கு எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். புகைபோக்கியின் உயரம், உள்வாயின் நீள அகலம், கூடத்தின் அளவு மூன்றையும் எழுதி அனுப்பினால், எத்தனை கிலோவாட் பெட்டி, எத்தனை அடிக் குழாய் என்பதைத் தை மாத இதழில் எழுதுகிறேன். அதுவரை சமையலறை விசிறியின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.